வாடகை பாக்கியில் இருக்கும் எழுத்தாளருக்கு வாசகர்கள் எப்படிக் கைகொடுப்பது?

கொருக்குப்பேட்டை வாசகி

நம்ம வடசென்னைப் பக்கத்தைப் பற்றி ஆறேழு வருடமாக எழுதிவரும் ஒருவரை உங்களில் பலர் போனில் படித்திருப்பீர்கள். அவரைக் கேட்காமல் பெயர் போடுவது சரியில்லை என்பதால் போடவில்லை. எண்ணூர் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள், 1996ல் பின்னி மில் மூடிய பிறகு புளியந்தோப்பு வீடுகளில் நடந்தவை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கரையும் நேரம் என்று எழுதுபவர். இவ்வளவு சொன்னால் ஆளைத் தெரிந்துவிடும். தெரியாத மாதிரியே இருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கழிமுகத்தில் படிந்ததே, அப்போது எந்தச் சுவரில் எந்த உயரம் வரை கறை என்று நடந்து நடந்து எழுதினார். ஷார்ஜாவில் இருக்கும் என் தம்பிக்கு நான் அனுப்பியதெல்லாம் அவர் எழுத்துதான். அதற்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குச் சோறு போட்டது, அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்துத் தரும் மெய்ப்புத் திருத்தும் வேலை. போன ஆடியோடு அது நின்றுவிட்டது. மூன்று மாத வாடகை பாக்கி. வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு வருகிறார், அதுவும் தீரப்போகிறது. இதெல்லாம் அவர் சொன்னதில்லை. அவர் மனைவிதான் எனக்கு பிளவுஸ் தைப்பவர், ஹூக் வைக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

போன வாரம் அவர் நம்பருக்கு ஜிபேயில் 500 ரூபாய் போட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு மெசேஜ்: "அக்கா, நம்பர் மாறி வந்துவிட்டதுபோல."

மாறி வரவில்லை என்று அவருக்கும் தெரியும். இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

காசிமேட்டுக்காரன்

எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வலையைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அரசு நிவாரணம் கணக்கில் ஏறும். எழுதுகிறவருக்குத் தடைக்காலம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்றே சொல்ல முடியாதுபோல. நிவாரணப் பட்டியலும் கிடையாது.

நான் 1000 தருகிறேன் அக்கா. எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய பெரம்பூர்

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெருவில் மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருக்கும் ஆட்டோக்காரர் இருக்கிறார், இட்லிக்கடை அம்மா இருக்கிறார். அவர்களுக்காக யாரும் இப்படிக் கூடிப் பேசுவதில்லை. எழுதுகிறவருக்கு மட்டும் என்ன தனி இலை?

இன்னொன்று. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருவருக்கு ஆபரேஷன் என்று ஒரு குழுவில் வசூல் செய்தார்கள். நானும் 2000 போட்டேன். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அன்றோடு வசூல் என்ற வார்த்தையே எனக்கு அலர்ஜி.

கொருக்குப்பேட்டை வாசகி

ஐயா, ஆட்டோவில் ஏறி இறங்கினால் காசு கொடுக்காமல் நகர முடியாது. இட்லிக்கடையிலும் அப்படித்தான். இவர் வண்டியில் நான் ஆறு வருடமாக ஓசியில் போய்க்கொண்டிருக்கிறேன். தனி இலை போடச் சொல்லவில்லை, பழைய பாக்கியைக் கட்டத்தான் வழி கேட்கிறேன்.

வசூல் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திருவொற்றியூர் அச்சுக்காரர்

முப்பது வருடம் அச்சகம் நடத்தியவன் என்ற முறையில் புத்தகக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் பேசினால், "ரெண்டு புத்தகம் போட்டிருக்கிறாரே, அந்தக் காசு எங்கே?" என்று அடுத்து யாராவது கேட்பார்கள்.

160 பக்கப் புத்தகம், விலை 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பகம் போட்டால் ராயல்டி பெரும்பாலும் 10 சதவீதம். பிரதிக்கு 20 ரூபாய். 300 பிரதி விற்றால், விற்றால்தான், 6000. அதுவும் மொத்தமாக வராது. இப்போது ஒரு மாத வாடகைக்கு அது காணுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இவர் சொந்தமாகப் போட்டவர். நூறு பிரதி டிஜிட்டலில் அடித்தால் என் கைக்கணக்கில் ஒன்றுக்கு 100 ரூபாய் பக்கம் ஆகும். கடையில் வைத்தால் கடைக்காரருக்கு 35, 40 சதவீதம். இருநூறில் எண்பது போனால் மிச்சம் 120. அச்சுக்கு 100. கையில் 20. சுற்றிச் சுற்றி அதே இருபது ரூபாய்தான்! நேராக வாசகர் கையில் கொடுத்தால் மட்டும் நூறு நிற்கும். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் ஆணை வருவது ஒரு கதை, அதற்குப் பணம் வருவது இன்னொரு கதை.

இது இன்றைக்கு வந்த நிலைமை இல்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கி 1970 வரை இழுத்துப் பிடித்தார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கல்லூரிகளில் விற்ற மனிதர். நேரே வாசகர் கையில் கொடுப்பது என்றால் அப்போது அதுதான் வழி. இப்போது போன் இருக்கிறது, மூட்டை மட்டும் குறைந்திருக்கிறது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஆயுள் சந்தா என்று எதையும் தொடங்காதீர்கள். நான் அடித்துக் கொடுத்த ஒரு சிற்றிதழுக்கு 31 பேர் ஆளுக்கு ஆயிரம் கட்டினார்கள். ஒன்பதாவது இதழோடு நின்றது. ஆயுள் என்றால் யாருடைய ஆயுள் என்று என்னிடம் வந்து சண்டை போட்டார்கள். நான் வெறும் அச்சுக்காரன், எனக்கே நாலு இதழுக்கு அச்சுக்கூலி பாக்கி.

வியாசர்பாடி டீச்சர்

அச்சுக்கார அண்ணன் சொன்னதற்கும் முன்னால் போகிறேன். 1920ல் பாரதியார் கடையத்திலிருந்து, தன் எழுத்துகளை 40 தொகுதிகளாக அச்சிடப் பணம் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். இனாம் கேட்கவில்லை, வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கடன்தான் கேட்டார். திட்டம் நடக்கவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் 38 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். 1949ல் அரசாங்கம் அதே எழுத்துகளின் உரிமையை வாங்கியது, பிறகு ஊருக்கெல்லாம் பொதுவாக்கியது.

புதுமைப்பித்தன், தான் செத்த பிறகு நிதி திரட்டாதீர்கள் என்று கவிதையிலேயே எழுதிவைத்தார். 1948ல் காசநோயில் இறந்தார், வயது 42. திரட்டினார்கள்.

பழைய பெரம்பூர்

டீச்சர், எல்லோரும் பாரதியாகிவிட மாட்டார்கள். நாம் பேசுவது ரயில்வே கேட்டைப் பற்றி எழுதுகிற ஒருவரை.

வியாசர்பாடி டீச்சர்

பாரதிக்காக அதைச் சொல்லவில்லை ஐயா. அந்தச் சுற்றறிக்கை கைக்கு வந்து, படித்துவிட்டு, மடித்து வைத்தவர்களுக்காகச் சொன்னேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த மாதம் அவர்களுக்கும் ஏதாவது செலவு இருந்திருக்கும்.

கணக்கு எழுதுபவன்

தணிக்கை ஆபீஸில் வேலை. உணர்ச்சி வேகத்தில் ஆரம்பித்து, மார்ச் மாதம் எங்களிடம் வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்புப் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியது மட்டும் இல்லை, முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானத்தில் சேரும். அவருக்கு வேறு வருமானம் குறைவு என்பதால் வரி வராமலே போகலாம். ஆனாலும் கணக்கு இருக்க வேண்டும். கொடுக்கிற நமக்கு வருமான வரிச் சலுகை எதுவும் கிடையாது, அது பதிவுபெற்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால்தான். அப்புறம், அக்கா, தயவுசெய்து உங்கள் சொந்தக் கணக்கில் வசூலித்து அவருக்கு மாற்றாதீர்கள். நல்லது செய்யப்போய், உங்கள் கணக்கில் இத்தனை பேர் ஏன் பணம் போட்டார்கள் என்று விளக்கிக்கொண்டு இருப்பீர்கள். பெரம்பூர் ஐயாவின் அலர்ஜிக்கும் அதுதான் மருந்து: நடுவில் ஆளே வேண்டாம், அவரவர் நேராக அவருக்கு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். இந்தியக் குடிமகனாகவே இருந்து துபாயில் வேலை பார்ப்பவர் கொடுத்தால் பிரச்சினை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் நன்கொடை கொடுத்தால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரலாம். பதிவுபெற்ற பத்திரிகையில் பத்தி எழுதுபவர்கள் அப்படிப்பட்ட பணத்தை வாங்கவே கூடாது என்று அதில் இருக்கிறது. அதே மனிதர் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கினால் அது வியாபாரம், தகராறு இல்லை.

அதனால் என் யோசனை, அவர் எதையாவது விற்கட்டும், நாம் வாங்குவோம். நன்கொடைக்கு விலை என்று பெயர் மாற்றி ஏமாற்றச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு பொருள் கைமாற வேண்டும்.

ஷார்ஜா தம்பி

அக்கா சொல்லி வந்தேன். பாஸ்போர்ட் இந்தியாதான், பயப்பட வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ வங்கிக் கணக்கிலிருந்து இங்கிருந்தே யூபிஐ போட முடிகிறது.

அமெரிக்கச் செய்திமடல் தளம் ஒன்றில் வாசகர்களிடம் சந்தா வசூலிக்க அவரைச் சொல்லலாம் என்று போன வருடமே யோசித்துப் பார்த்தேன். பணம் வாங்க ஸ்ட்ரைப் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தில் கணக்கு கேட்கிறது. இந்தியாவில் அது அழைப்பு இருந்தால்தான் புதிதாகக் கிடைக்கும் என்றார்கள். பேபாலும் 2021 ஏப்ரலோடு உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. நம் ஆளுக்கு நம் ஊர் யூபிஐதான். மாதம் 500 நான் தருகிறேன், ஆனால் மாதா மாதம் ஞாபகம் இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கு எழுதுபவன்

வங்கிச் செயலியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுவிடுங்கள் தம்பி. கடன் தவணை மாதிரி தானாகப் போய்விடும், உங்கள் ஞாபகத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

பெயர் போடாமல் எழுதுகிறவள்

இரண்டு நாளாகப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நானும் எழுதுகிறவள்தான். இதே வடசென்னைதான். ஊர் சொன்னால் ஆள் தெரிந்துவிடும்.

என் முதல் புத்தகத்துக்கு நான் தண்டல் கடன் வாங்கினேன். பத்தாயிரம் என்று பேச்சு, கையில் கொடுத்தது 8500. தினம் 100 ரூபாய், நூறு நாள். காலையில் எட்டு மணிக்கு டிவிஎஸ் வண்டியில் வந்து வாசலில் நிற்பார், நோட்டில் டிக் அடித்துக்கொண்டு போவார். என்னத்துக்கும்மா வாங்கின என்று ஒரு நாள் கேட்டார். புத்தகம் போட என்றேன். நம்பவில்லை. கடைசி நாள் நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, "அந்த புக்கு ஒண்ணு குடு" என்றார். சும்மா கொடுக்கப்போனேன், வாங்கவில்லை. விலை பார்த்து 150 ரூபாயை எண்ணி வைத்தார். தெரிந்தவர்கள் எல்லோரும் அன்புப் பிரதி வாங்கிக்கொண்ட அந்தப் புத்தகத்தை, முழு விலை கொடுத்து என் வாசலில் வாங்கிய முதல் ஆள் அவர்.

அது ஒரு பக்கம். உதவி வாங்கிய கதை வேறு. இரண்டேகால் வருடத்துக்கு முன் உடம்பு முடியாமல் இருந்தபோது ஒரு நண்பர், என்னைக் கேட்காமலே, எங்கள் வீட்டு உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் படம் எடுத்துப் போட்டு உதவி கேட்டார். நல்ல மனசுதான். ஒரே நாளில் 43 பேர் பணம் போட்டார்கள். அந்தப் பணம்தான் என்னைக் காப்பாற்றியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னால் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போக முடியவில்லை. "பரவாயில்லையே, நல்லா இருக்கீங்க" என்பார்கள். அந்தப் பரவாயில்லையேவில் ஒரு ரசீது இருக்கும். பணம் போட்ட ஒருவர் போன் செய்து, அவர் சாதிச் சங்கத்தைப் பற்றி நான் எழுதிய ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார். இன்னொருவர் அவர் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை கேட்டார். எழுதிக் கொடுத்தேன். படிக்காமலே எழுதினேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அந்த 43 பேரில் ஒரு அம்மா மட்டும் வேறு மாதிரி. ராயபுரம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி 200 ரூபாய் வந்தது. அதற்கடுத்த மாதமும். செய்தி எதுவும் கிடையாது. ஒரு முறை, இப்போது உடம்பு பரவாயில்லை அம்மா, வேண்டாம் என்று எழுதினேன். "பேப்பர்காரருக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறேன், அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதில்லை" என்று பதில் வந்தது. 26 மாதம் ஆகிறது. மற்ற 42 பேர் கொடுத்தது அவர் இதுவரை கொடுத்ததைப்போலப் பல மடங்கு. ஆனால் ஒன்றாம் தேதி நான் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுவது இந்த 200க்காக.

உங்கள் எழுத்தாளர் 500 ரூபாயைத் திருப்பி அனுப்பியது கர்வத்தினால் இல்லை அக்கா. எதற்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். படம் மட்டும் யாரும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

காசிமேட்டுக்காரன்

தண்டல்காரர் கதையை என் வீட்டில் உரக்கப் படித்தேன். எங்கள் அம்மா, "எந்தத் தண்டலு, நம்ம ஆளா?" என்கிறார்.

ஓட்டேரி பாலம்

அரசாங்கம் எழுத்தாளர்களுக்கு உதவித்தொகை தருகிறதே, அதற்கு மனு போட்டால் என்ன?

வியாசர்பாடி டீச்சர்

தமிழ் வளர்ச்சித் துறையில் அகவை முதிர்ந்த தமிழறிஞர்களுக்கான மாத உதவித்தொகை இருக்கிறது. ஆனால் 58 வயது ஆகியிருக்க வேண்டும், வருமானச் சான்று வேண்டும். இவருக்கு நாற்பது சொச்சம்தானே இருக்கும்? நூல் வெளியிட நிதியுதவியும் உண்டு, அது அடுத்த கையெழுத்துப் பிரதிக்கு ஆகும். இந்த மாத வாடகைக்கு ஆகாது. விருது வாங்கியவர்களுக்கு வீடுகூடத் தருகிறார்கள். விருது வரை உயிரோடு இருப்பதற்குத்தான் திட்டம் இல்லை.

பழைய பெரம்பூர்

அந்தப் பெண் எழுதியதைப் படித்தேன். பழைய பாக்கி என்று அக்கா சொன்னதும் சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். மாதம் 200 என்று முப்பது பேர் கொடுக்க ஆரம்பித்தால் அவருக்கு 6000 வரும், நல்லது. ஆனால் அவர் இரண்டு மாதம் எழுதாமல் இருந்தால்? நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பேப்பர் வராவிட்டால் பேப்பர்காரரைக் கேட்பவர்கள்தானே நாம்.

பெயர் போடாமல் எழுதுகிறவள்

கேட்பார்கள். நான் ஒரு முறை ஐந்து மாதம் எதுவும் எழுதவில்லை. ராயபுரத்து அம்மா கேட்கவில்லை. எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான் ஐயா. கொடுப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே பேசிவைத்தால் இருவருக்கும் நிம்மதி. நிறுத்துவதற்குச் சங்கடப்பட்டே பலர் தொடங்குவதில்லை.

கொருக்குப்பேட்டை வாசகி

நேற்று சாயங்காலம் நேரில் போய்விட்டேன். இத்தனை பேர் பேசியதைக் காட்டினேன். முதலில் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் அச்சுக்கார அண்ணன் போட்ட கணக்கைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நான் 22 ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், 20தானா" என்றார்.

வசூல் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் கட்டிலுக்கு அடியில் இரண்டாவது புத்தகம் 74 பிரதி இருக்கிறது. அதில் 19 பிரதி மிக்ஜாமில் நனைந்து, பக்கம் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. மிச்சம் 55. விலை 220. அதை வாங்கிக்கொண்டால் சந்தோஷம் என்றார். ஒரே மாதத்தில் போனால் பாக்கி வாடகையில் பெரும்பகுதி கட்டிவிடலாம். மாதா மாதம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு, எழுதுகிற கட்டுரையை ஒரு வாரம் முன்பே வாட்சப்பில் அனுப்புவதாகச் சொன்னார். மற்றவர்களுக்கு எப்போதும்போல ஓசி. யாரையும் வெளியே நிறுத்த மாட்டாராம், கழிமுகத்துக்காரர்களே படிக்க முடியாமல் போய்விடும் என்கிறார்.

நனைந்த பிரதியையும் ஒன்று கேட்டேன். கொடுக்கவில்லை. அதை எப்படி விற்பது அக்கா என்கிறார்.

ஷார்ஜா தம்பி

எனக்கு 5. அக்கா வீட்டில் இருக்கட்டும், பொங்கலுக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன். பணம் நேராக அவருக்குப் போட்டுவிட்டேன், குறிப்பில் "5 புத்தகம்" என்று எழுதியிருக்கிறேன். இந்த முறை நம்பர் மாறவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வியாசர்பாடி டீச்சர்

எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து 10. நான் பொறுப்பு.

பழைய பெரம்பூர்

எனக்கு ஒன்று போதும், கண் சரியில்லை. வேறொரு விஷயம். நான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறது, 200 பக்கம். போன மலரில் தலைமையாசிரியர் பெயரிலேயே எழுத்துப்பிழை. இந்த முறை மெய்ப்புக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேசி முடித்துவிட்டேன். பக்கத்துக்கு எவ்வளவு கேட்பார்?

திருவொற்றியூர் அச்சுக்காரர்

அதை அவரிடமே கேளுங்கள். ஆனால் கேட்டவுடன் குறைத்துச் சொல்வார், இவர்கள் எல்லோரும் அப்படித்தான். முதல் தடவை சொன்ன தொகையை ஏற்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை வாசகி

ஞாயிறு மாலை 5 மணிக்குத் தண்டையார்பேட்டை மெட்ரோ வாசலில் நான் பையோடு நிற்பேன். அவரும் வருவார், ஆனால் டீக்கடைப் பக்கம் தள்ளி நிற்பாராம். யாரும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்க வேண்டாம். 31 பிரதிக்கு ஆள் வந்துவிட்டது, இன்னும் 24.

காசிமேட்டுக்காரன்

எனக்கு நாலு, சொன்ன 1000ல் மிச்சத்துக்கு டீ. அப்புறம் ஒரு ஆறு பிரதியைத் தனியாகக் கொடுங்கள் அக்கா. ஞாயிறு காலையில் நம்ம ஏலக்கூடத்துக்கு அண்ணாநகரிலிருந்தெல்லாம் காரில் வருகிறார்கள். வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிறவர்களிடம் புத்தகத்தையும் காட்டிப் பார்க்கிறேன். ஐஸ் பெட்டியிலிருந்து தள்ளித்தான் வைப்பேன்.